எம்டன் மாலுமிகளை ஒரு ராத்திரி விட்டுப் போனது சரியா?

நவம்பர் 8 அன்று ஒரு வாசகர் கேட்டது:
"எம்டனை அடித்து நொறுக்கிய சிட்னி, அதிலிருந்த ஜெர்மன்காரர்களைக் காப்பாற்றியது என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறார்கள். அது காப்பாற்றியதா, சிறைபிடித்ததா? காப்பாற்ற வந்தவன் அடிபட்டுக் கிடப்பவனை ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுப் போவானா?"

நவம்பர் 9, காலை

நல்ல நாளில் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டனும் ஆஸ்திரேலியாவின் சிட்னியும், இரண்டும் போர்க்கப்பல்கள், மோதியது 1914-ல் இதே நவம்பர் 9.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் 31 வருஷம், அதில் கடைசி 12 வருஷம் போசன், அதாவது மேல்தட்டு மாலுமிகளுக்குத் தலைவன். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனால் கடலில் கிடந்த ஆளைக் கயிறு போட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் ஊரில் சூட்டிகையான பயலை "சரியான எம்டன்" என்பார்கள். மலையாளத்தில் பெரிய எதையும் "எமண்டன்" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல் அது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. அதில் இருந்த ஆட்களுக்கு என்ன ஆச்சு என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் தீவுகள் பக்கம் சிட்னி காலை 9:40 வாக்கில் சண்டையைத் தொடங்கி, 11:20-க்குள் எம்டனைச் சல்லடையாக்கிவிட்டது. கப்பல் முழுகக் கூடாது என்று கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் அங்கே உள்ள வடக்குக் கீலிங் தீவின் பாரில், அதாவது கடலுக்கடியிலுள்ள பாறைத் திட்டில், ஓட்டி ஏற்றிவிட்டார். சாயங்காலம் சிட்னி திரும்பி வந்தபோது எம்டன் கொடி இன்னும் மேலேயே இருந்தது. மறுபடி சுட்டது. கொடி இறங்கியதும் ஒரு படகில் சேதி சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் முற்பகல்தான் வந்தது. அதுவரை அந்த இரும்புக் குவியலில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வெந்த உடம்போடு ஆட்கள் கிடந்தார்கள். டாக்டர் ஒருத்தர், கட்டுப் போடத் துணிகூடப் போதாமல்.

நீங்கள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. அது கொடுமை.

நவம்பர் 9, ராத்திரி

காலையில் எழுதியது பாதிதான். ஒரு மனுஷனைக் குற்றம் சொல்லிவிட்டு அவன் கையில் என்ன வேலை இருந்தது என்று சொல்லாமல் விட்டது தப்பு. மீதி இது.

காலைச் சண்டை முடிந்ததும் சிட்னி கேப்டன் கிளாசப் முதலில் போனது எம்டனுக்கு நிலக்கரி கொண்டுவந்த புரெஸ்க் கப்பலைத் துரத்த. எம்டன் முன்பே பிடித்துத் தன் ஆட்களை ஏற்றி வைத்திருந்த ஆங்கிலக் கப்பல் அது. சிட்னி எட்டிப் பிடிப்பதற்குள் ஜெர்மன்காரர்கள் அதைத் தாங்களே மூழ்கடிக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவர்களைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் சிட்னி திரும்பியது.

இன்னொன்று. தந்தி நிலையத்தை உடைக்க, கோக்கோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்‌ஷன் தீவில் எம்டன் காலையிலேயே சுமார் 50 பேரை, துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியுமாக, இறக்கிவிட்டிருந்தது. லெப்டினன்ட் ஃபொன் மூக்கே தலைமையில். அவர்கள் இன்னும் தீவில் இருக்கிறார்களா, தந்தி நிலையத்து ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கிளாசப்புக்குத் தெரியாது. எம்டன் கொடி இறங்கிய பிறகு அங்கே போனார். பொழுது சாய்ந்துவிட்டது, விடியும்வரை காத்திருந்தார். விடிந்து பார்த்தால் மூக்கேயின் ஆட்கள் ஆயிஷா என்கிற பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டிருந்தார்கள்.

ஆக, போன இடத்தில் வேலையும் ஆகவில்லை, இங்கே ஆட்களும் ஒரு ராத்திரி கிடந்தார்கள். ஆனால் வேலை ஆகவில்லை என்பது விடிந்த பிறகு தெரிந்த விஷயம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீல்ஹவுசில் நிற்பவனுக்கு அது தெரியாது.

கொடுமை என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிடந்தவர்களுக்கு அது கொடுமை. விட்டுப்போனவர் கொடுமைக்காரர் இல்லை.

நவம்பர் 10

"கொடி இறங்கின உடனே நாலு படகு இறக்கி ஏற்றியிருக்கலாமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

எம்டன் ஏறி நின்றது பவளப் பார். பாரில் மோதி அலை உடைகிற இடத்தில் படகை அணைக்கிறது எப்படி என்று எங்கள் பக்கத்து வள்ளக்காரர் எவரையும் கேளுங்கள். அலை தூக்கும்போது படகு கப்பலின் மேல்தட்டு உயரத்துக்கு வரும். அடுத்த மூச்சில் இரண்டு ஆள் ஆழம் கீழே போகும். இடையில் இருப்பது உடைந்த இரும்பு, கூரான பவளம். நல்ல தேகத்தோடு இருப்பவனே கயிற்றைப் பற்றிக் குதிக்கப் பயப்படுவான். தொடை எலும்பு முறிந்தவனை, முதுகுத்தோல் உரிந்தவனைத் தொட்டிலில் கட்டி ஒவ்வொருத்தனாக இறக்க வேண்டும். மறுநாள் பகல் வெளிச்சத்திலேயே மணிக்கணக்காக ஆயிற்று. நீந்தித் தீவில் கரையேறியவர்களை எடுத்துவர 11-ஆம் தேதி ஆகிவிட்டது. எம்டனின் இரண்டாவது டாக்டர் அந்தத் தீவிலேயே செத்துப்போனார்.

சிட்னியில் டாக்டர்கள் 2 பேர். தந்தி நிலையத்து டாக்டரையும் கூட்டிக்கொண்டுதான் கிளாசப் திரும்பி வந்தார். எம்டனில் செத்தவர்கள் 130-க்கும் மேல். சிட்னியில் 4 பேர். தன் பக்கம் 4 பேரைப் பறிகொடுத்த கப்பலின் சாப்பாட்டு அறை மேசைகளில் எதிரியின் காயத்துக்குக் கத்தி பிடித்தார்கள்.

சாயங்காலம் சிட்னி சுட்டதைப் பற்றி. "சரணடைகிறாயா" என்று கொடியில் கேட்டார்கள். எம்டனில் சமிக்ஞைப் புத்தகங்களை அழித்துவிட்டார்கள், என்ன கேட்கிறான் என்றே புரியவில்லை. மோர்ஸில் திருப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். கொடியோ மேலே. கடைசிக் குண்டுகளில் செத்தவர்கள் ஒரு கொடியை இறக்க மறந்ததால் செத்தவர்கள். இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். யார்மேலும் கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது.

நவம்பர் 10, ராத்திரி

எம்டனும் இதே வேலையைச் செய்திருக்கிறது, அதற்கு 12 நாள் முன்னால்.

அக்டோபர் 28 பினாங்கு. துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் செம்சுக் கப்பலை அடித்துவிட்டு வெளியே வரும்போது பிரெஞ்சுக்காரர்களின் மூஸ்கே என்ற சின்ன நாசகாரிக் கப்பல் எதிரே வந்தது. சில நிமிஷத்தில் அதுவும் முழுகிவிட்டது. துறைமுகம் முழுக்க விழித்துக்கொண்டாயிற்று, ஓடித் தப்ப வேண்டிய நேரம். முல்லர் கப்பலை நிறுத்தினார். படகு இறக்கி 36 பேரை எடுத்தார். 3 பேர் பிழைக்கவில்லை. மற்றவர்களை 2 நாள் கழித்து வழியில் பிடித்த நியூபர்ன் என்ற ஆங்கிலச் சரக்குக் கப்பலில் ஏற்றி, டச்சுக்காரர்களின் சபாங் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். காயம்பட்டவர்களுக்காக அந்த ஆங்கிலக் கப்பலையே மூழ்கடிக்காமல் விட்டார்.

எடுத்தார், வைத்திருந்தார், அனுப்பினார். இதில் எது காப்பாற்றியது, எது சிறைபிடித்தது? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நவம்பர் 11

"முல்லர் நின்றாரே, அப்படி எல்லாக் கேப்டன்களும் நின்றிருக்க வேண்டாமா" என்று கேட்டிருக்கிறார் முதல் கேள்வி கேட்ட தம்பி.

எம்டன் சென்னையைச் சுட்ட செப்டம்பர் 22-க்கே திரும்பிப் போங்கள். அதே நாள் காலையில், டச்சுக் கரைக்கு அப்பால் வடகடலில் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜெர்மனியின் யூ-9 நீர்மூழ்கி அபூக்கிரை அடித்தது. கண்ணிவெடி என்று நினைத்து மற்ற இரண்டும் நெருங்கி வந்தன. ஹோக் நின்று தண்ணீரில் கிடந்தவர்களை எடுக்க முனைந்தது, அடி வாங்கியது. கிரெஸ்ஸி நின்றது, அதுவும் போயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றும். செத்தவர்கள் 1,459 பேர். பயிற்சிப் பையன்களும் அதில் இருந்தார்கள்.

அந்த இரண்டு கப்பல்களும் செத்தது சண்டை போட்டதால் அல்ல. நின்றதால். கிடந்தவர்கள் தங்கள் சொந்த ஆட்கள், எதிரிகூட இல்லை. மீதி 837 பேரை எடுத்தவர்களில் ஃபுளோரா, டைட்டன் என்ற இரண்டு டச்சுக் கப்பல்களும் உண்டு. நடுநிலை நாட்டுக் கப்பல்கள், அடுத்த டார்ப்பிடோ தங்களுக்கா என்று தெரியாமலே வந்தவர்கள்.

இதற்குப் பிறகு பெரிய கப்பல்கள் இப்படி நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை உத்தரவு போட்டது. ஓடுகிற கப்பலுக்கு வேகம்தான் கவசம். நின்றுவிட்டால் அது சுவர்.

நவம்பர் 12

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

2010. அரபிக் கடல். கொள்ளைக்காரர் பயம் உச்சத்தில் இருந்த வருஷம். சரக்கில்லாமல் வெறுங்கப்பலாக வந்துகொண்டிருந்தோம், தண்ணீருக்கு மேலே பக்கவாட்டு உயரம் மூன்று மாடி இருக்கும். மேல்தட்டைச் சுற்றி முள்கம்பி. விடியற்காலை லுக்-அவுட்டில் இருந்த பையன் தண்ணீரில் கவிழ்ந்த படகையும் தலைகளையும் பார்த்தான். ஏழு தலை. நான் எண்ணினேன்.

கேப்டன் உடனே நிற்கவில்லை. அது பொறியாக இருக்கலாம், பக்கத்தில் வேறு படகு இருக்கலாம் என்று சொன்னார். தூர நின்று ஒரு பெரிய வட்டம் அடித்தோம். ராடார் பார்த்தார், பைனாகுலரில் நாலு பக்கமும் பார்த்தார். இருபது நிமிஷம். அப்புறம் நெருங்கினோம். பைலட் லேடர் என்கிற கயிற்றேணியை இறக்கி, ஹீவிங் லைன் என்கிற எறிகயிற்றை எறிந்து, இறுகாத போலைன் முடிச்சுப் போட்ட கயிற்றை அக்குளுக்குக் கீழே மாட்டச் சொல்லிச் சைகை காட்டி ஒவ்வொருத்தராக ஏற்றினோம். நனைந்த ஆள் என்ன கனம் என்பது ஏற்றினவனுக்குத்தான் தெரியும். அவர்களுக்குக் கயிற்றைப் பிடிக்கிற தெம்புகூட விரலில் இல்லை.

ஆறு பேர் ஏறினார்கள். ஏழாவது தலை இல்லை.

நான் கேப்டனிடம் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கப்பலில் இருந்த மிச்ச நாளெல்லாம் வேலைப் பேச்சோடு சரி. அந்த இருபது நிமிஷத்தைப் பல வருஷம் அவர் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். நேற்று யூ-9 கதையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: எங்கள் கப்பலில் 22 பேர் இருந்தோம், அந்த 22 பேரையும் அவர்தான் சுமந்து நின்றார். அவர் செய்தது சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று சொல்கிற வாயும் அடைத்துப்போய்விட்டது.

நவம்பர் 12, ராத்திரி

"அவர்கள் கொள்ளைக்காரர்களா?" எல்லோரும் இதையேதான் கேட்கிறீர்கள்.

தெரியாது. இடுப்பில் இரண்டு பேரிடம் கத்தி இருந்தது. மீன்காரனிடமும் கத்தி இருக்கும். பாஷை புரியவில்லை. கேப்டன் சொல்லி எல்லோரையும் தடவிச் சோதித்தேன். ஏற்றிய அதே கையால். அப்புறம் உலர்ந்த பாய்லர் சூட், கம்பளி, சர்க்கரை கூடப் போட்ட டீ, சோறு கொடுத்து ஒரு அறையில் வைத்துப் பூட்டினோம். சாவி என் சட்டைப் பையில். இரண்டு ராத்திரி அந்த அறைக்கு வெளியே நடைபாதையிலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். அவர்கள் ஓடிவிடுவார்கள் என்று இல்லை. கப்பலுக்கு ஏதாவது ஆகி, சாவியோடு நான் வேறு எங்காவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

அந்தப் பயம் வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு லக்கோனியா சாட்சி. 1942 செப்டம்பர் 12, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி யூ-156 அந்த பிரிட்டிஷ் கப்பலை அடித்தது. உள்ளே சுமார் 1,800 இத்தாலியக் கைதிகள், கீழ்த்தட்டில் கம்பிக் கதவுக்குப் பின்னால். ஜெர்மனியின் கூட்டாளி நாட்டுக்காரர்கள். பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பூட்டின கதவோடு கீழே போனவர்கள் அதில் பலர்.

தண்ணீரில் இத்தாலியக் கூக்குரல் கேட்டபோதுதான் யூ-156 கேப்டன் ஹார்ட்டன்ஸ்டைனுக்கு விஷயம் தெரிந்தது. எடுக்கத் தொடங்கினார். இத்தாலியர், ஆங்கிலேயர், போலந்துக்காரர், பெண்கள், பிள்ளைகள் என்று பார்க்கவில்லை. ரேடியோவில் வெளிப்படையாக, சங்கேதம் இல்லாமல், ஆங்கிலத்திலேயே அறிவித்தார்: உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் நான் தாக்க மாட்டேன், என்னைத் தாக்காதவரை. ஒரு நீர்மூழ்கி தான் இருக்கிற இடத்தைத் தானே ஊருக்குச் சொல்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

16-ஆம் தேதி அமெரிக்க லிபரேட்டர் விமானம் வந்தது. நீர்மூழ்கி மேல் செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தது, பின்னால் உயிர்ப்படகுகள் கட்டி இழுபட்டுக்கொண்டிருந்தன. குண்டு போட்டார்கள். ஹார்ட்டன்ஸ்டைன் படகுக் கயிற்றை அறுத்துவிட்டு, ஏற்றியவர்களை மறுபடி கடலில் இறக்கிவிட்டு முழுகிப் போக வேண்டியதாயிற்று. மறுநாளே ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு: இனி எவரையும் காப்பாற்ற முயலக் கூடாது.

நவம்பர் 13

பிஸ்மார்க்கை ஏன் சொல்லவில்லை என்று கோபித்திருக்கிறார் ஒருவர். சொல்கிறேன்.

1941 மே 27. ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல் பிஸ்மார்க் முழுகியபோது நூற்றுக்கணக்கானவர்கள் எண்ணெய் மிதக்கிற குளிர் தண்ணீரில். பிரிட்டிஷ் கப்பல் டார்செட்ஷயர் நின்று கயிறுகளைத் தொங்கவிட்டது. 85 பேரை ஏற்றியது. மவோரி என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் 25 பேரை. நடுவில் நீர்மூழ்கி பார்த்ததாக எச்சரிக்கை வர, டார்செட்ஷயர் இயந்திரத்தை முடுக்கிவிட்டது. கயிற்றில் தொங்கியவர்கள் விழுந்தார்கள். 2,200-க்கும் மேற்பட்டவர்களில் கடைசியில் பிழைத்தது 114 பேர்தான். அன்று சாயங்காலம் 3 பேரை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி எடுத்தது, பிறகு 2 பேரை ஒரு ஜெர்மன் வானிலைக் கப்பல்.

அந்தத் தட்டில் நின்ற பிரிட்டிஷ் மாலுமிகளை நினைத்துக்கொள்கிறேன். கயிறு அவர்கள் கையில். கீழே அந்த ஆள் முகம் தெரிகிறது. இயந்திரம் அதிர ஆரம்பிக்கிறது. இரண்டு கையும் போன ஒரு ஜெர்மன்காரன் பல்லால் கயிற்றைக் கவ்வியிருந்ததைப் பார்த்து, ஒரு இளம் பிரிட்டிஷ் அதிகாரி கப்பல் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி அவனை ஏற்றப் பார்த்தார். முடியவில்லை.

அதே டார்செட்ஷயரை அடுத்த வருஷம், 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. கூடவே கார்ன்வால் என்ற பிரிட்டிஷ் கப்பலையும். இரண்டிலும் சேர்த்து 424 பேர் போனார்கள். 1,122 பேர் மறுநாள் சாயங்காலம்வரை நம் கடல் வெயிலில் எண்ணெய் பூசிய முகத்தோடு மிதந்தார்கள், தங்கள் கப்பல்கள் வந்து எடுக்கும்வரை. பிஸ்மார்க் ஆட்களுக்குக் கயிறு போட்ட கைகளில் சில அந்தத் தண்ணீரிலும் இருந்திருக்கும்.

நவம்பர் 14

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு. 1907 ஹேக் உடன்படிக்கை, சண்டை முடிந்ததும் கப்பல் உடைந்தவர்களைத் தேடு என்கிறது, "இராணுவ நலன் இடம் தருகிற அளவுக்கு" என்ற வாலோடு. கிளாசப், டார்செட்ஷயர் எல்லோரும் அந்த வாலுக்குள்தான் நிற்கிறார்கள். 1949 ஜெனீவா உடன்படிக்கை கொஞ்சம் இறுக்கிவிட்டது: தாமதமில்லாமல், முடிந்த எல்லா வழியிலும் தேடு. இரண்டுமே சொல்லும் மற்றொன்று: எதிரி கையில் சிக்கிய கப்பல் உடைந்தவன் போர்க்கைதி. ஆகவே நம் தம்பியின் முதல் கேள்விக்குச் சட்டப்படி பதில், இரண்டும்தான். தூக்குகிற கயிறும் கட்டுகிற கயிறும் ஒரே கயிறு.

ஆனால் அந்த வாலுக்கும் எல்லை உண்டு. 1944 மார்ச்சில் பெலியஸ் என்ற கப்பலை மூழ்கடித்த யூ-852 கேப்டன் எக், மிதந்த கட்டைகளையும் தெப்பங்களையும் இயந்திரத் துப்பாக்கியால் சுடச் சொன்னார். தடயம் தெரியக் கூடாது, என் கப்பலைக் காக்க வேறு வழி இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1945 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். விட்டுப் போவதற்கும் சுடுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. என் கேப்டன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தார் என்பது எனக்கு இப்போது ஆறுதல்.

எடுத்தபிறகு என்ன ஆகும் என்பது வேறு கதை. 1942 மார்ச் 2, ஜாவாக் கடலில் ஜப்பான் கப்பல் இக்காசூச்சி கேப்டன் குடோ ஷுன்சாக்கு, முந்தின நாள் மூழ்கிய பிரிட்டிஷ் கப்பலின் ஆட்கள் மிதப்பதைக் கண்டு நிறுத்தி 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றினார். எண்ணெயைத் துடைத்துவிட்டு, துணியும் சாப்பாடும் கொடுத்தார்கள். மறுநாள் ஒப்படைத்த பிறகு அந்த ஆட்கள் போனது ஜப்பானியச் சிறைமுகாம்களுக்கு. அங்கே பலர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். குடோ 1979-ல் இறக்கும்வரை இதைத் தன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவர் ஏற்றியவர்களில் ஒருவரான சாம் ஃபால், வயதான காலத்தில் ஜப்பானுக்குப் போய் அவர் கல்லறையில் வணங்கினார்.

நவம்பர் 15

எங்கள் ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று இன்னும் கேட்கிறீர்கள். ஒரு துறைமுகத்துக்கு வெளியே ரோந்துப் படகு வந்து அழைத்துப்போயிற்று. ஏணியில் இறங்குமுன் அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடலைக் காட்டி ஒரு விரலை நீட்டினார். ஏழாவது ஆள். அவருக்கு மகனா, தம்பியா, கூட்டாளியா தெரியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றைய தேதியில்தான், 1914 நவம்பர் 15, சிட்னி கைதிகளோடும் காயம்பட்டவர்களோடும் கொழும்புக்கு வந்தது. வழியில் எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா கப்பல் வந்து பாதிச் சுமையை வாங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் ஏற்றிய கப்பல்கள் நின்றன. வெற்றிக் கப்பலைப் பார்த்து ஆரவாரிக்கத் தயாராக இருந்தவர்கள். கிளாசப் முன்னதாகவே கம்பியில்லாத் தந்தியில் கேட்டுக்கொண்டார்: கப்பலில் காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், சத்தம் போட வேண்டாம். தட்டில் வரிசையாக நின்ற சிப்பாய்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, சிட்னி உள்ளே வந்தது. முல்லரை அங்கிருந்து மால்டாவுக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள். பிறகு இங்கிலாந்து. 1917-ல் சுரங்கம் தோண்டித் தப்பப் பார்த்துப் பிடிபட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் சுமை ஏற்றி இறக்கியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். யார் வீட்டிலாவது பாட்டன், பூட்டன் வழியாக அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருந்தால் இங்கே எழுதுங்கள். காயம்பட்டவர்களைக் கரைக்கு இறக்கும்போது யார் கை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.